மணிவண்ணன் மகன்

கிரெடிட் கார்டு கொடுக்க வந்தவன் கழுத்தில் டை கட்டியிருந்தான். சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கிறவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்த இன்ஜினியரிங் காலேஜின் கேட்டை ஒட்டி ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு பேனர். கையெழுத்துப் போட்டால் தோள்பை ஒன்று இலவசம். 2006-ஆம் வருஷம் அது. அருள் இரண்டாம் வருஷம் முடிக்கப்போகிறவன். செமஸ்டர் ஃபீஸ் கட்ட நாள் நெருங்கியிருந்தது, அரசாங்க ஸ்காலர்ஷிப் வழக்கம்போல வந்து சேரவில்லை.

"படிக்கிறவனுக்கு எப்பிடி சார் குடுப்பாங்க?" என்று கேட்டான்.

"அத நான் பாத்துக்கிறேன் தம்பி. சாயங்காலத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல கிளாஸ் எடுக்கிற, மாசம் ஆறாயிரம்னு போட்டுக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போடு. அப்பா பேரு?"

அந்தக் கேள்விக்கு அருளின் நாக்கு எப்போதுமே கொஞ்சம் தயங்கும்.

அவன் அப்பாவின் பெயர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தொட்டிலைத் தாண்டவில்லை. நாலாவதாகப் பிறந்தவரைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமனே சீ என்று போகட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார்கள். எமனும் ஏமாந்து போனான். பள்ளிக்கூடம் அப்படி ஏமாறுகிற இடமில்லையே! ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வாத்தியார் அப்பா பெயர் கேட்பார், அருள் எழுந்து நின்று சொல்வான், வகுப்பே சிரிக்கும். வாத்தியாரும் சேர்ந்துதான் சிரிப்பார். காலேஜில் சீனியர்கள் அவனுக்கு 'மண்ணு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரால் அவன் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அதற்காக அவன் செய்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

"மணிவண்ணன்" என்றான்.

டை கட்டியவன் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். இன்ஷியல்கூட மாறவில்லை. தோள்பையை மாட்டிக்கொண்டு நடந்தபோது மணிவண்ணன் மகனுக்கு நடையே வேறாக இருந்தது.

கார்டு வந்தது. இருபத்தைந்தாயிரம் வரை தேய்க்கலாம் என்றார்கள். முதலில் ஃபீஸ் கட்டினான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு செல்போன். அப்புறம் நல்ல ஷூ ஒன்று. கூடப் படிக்கிறவர்களைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய் ஒரு நாள் ஓட்டலில் சாப்பாடு. 'மண்ணு' என்று கூப்பிட்ட வாயெல்லாம் அன்றைக்கு 'மச்சி' என்று கூப்பிட்டது. வயிற்றுக்கு மீறிய சோறு எப்படிச் செரிக்கும்?

அவன் மோசம் போனது செலவில்கூட இல்லை. மாதாமாதம் வந்த காகிதத்தில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அருள் தண்டல் பார்த்து வளர்ந்தவன். ஊரில் தண்டல்காரன் டிவிஎஸ் வண்டியில் வந்து, அன்றன்றைக்குச் சொன்னதை வாங்கிக்கொண்டு போவான். நூறு நாள் கட்டினால் கணக்கு தீர்ந்தது, கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான். பேங்கும் அப்படித்தான் என்று அருள் நினைத்தான். கேட்ட சின்னத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினான். பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக் கட்டினான், மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திக் கட்டினான். ஒரு வருஷம் கழித்து மொத்தக் கணக்கைப் பார்த்தபோது கடன் கரைந்திருக்கவில்லை, குட்டி போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவனால் கட்ட முடியவில்லை. கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று ஏறி, கடைசி வருஷத்தில் ஐம்பத்தெட்டாயிரத்தில் வந்து நின்றது.

பிறகு போன் வர ஆரம்பித்தது. வகுப்பில் வரும், பஸ்ஸில் வரும், பரீட்சைக்குப் படிக்கும்போது வரும். எடுத்தால் அசிங்கமாகத் திட்டுவார்கள். எடுக்காவிட்டால் வேறு நம்பரிலிருந்து வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'மச்சி' மறுபடி 'மண்ணு' ஆகிவிடும் என்ற பயம். ஒருநாள் ஒருவன் திட்டாமல், தன்மையாகவே பேசினான்.

"நாளைக்குக் காலைல உங்க ஊருக்கு வர்றோம் தம்பி. மணிவண்ணன் சார நேர்ல பாத்துப் பேசிக்கிறோம்."

அருள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடினான். வானூரைத் தாண்டி உள்ளே போகவேண்டிய ஊர். அவர்கள் வருவதற்கு முன்னால் அப்பாவை எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது டீக்கடை வாசலில் சிவப்பு பைக் ஒன்று நின்றிருந்தது. இரண்டு பேர் இறங்கி நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவன் அப்பா.

அப்பாவுக்குக் கட்டட வேலை. கலவை போடுகிறவர். மேஸ்திரியின் வேன் வரும் வரைக்கும் டீக்கடையில் நிற்பார். யார் வந்து வழி கேட்டாலும் கூடவே போய்க் காட்டிவிட்டு வருகிற ஆள். அருள் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

"மணிவண்ணனா? அப்பிடி யாரும் இல்லீங்களே சார். எந்தத் தெருன்னு போட்டிருக்குது?"

"மாரியம்மன் கோயில் தெரு."

"நானும் அந்தத் தெருதான். வாங்க, விசாரிப்போம். பேரு ஒண்ணாவும் கூப்பிடுறது ஒண்ணாவும் இருக்கும் சார் எங்க ஊர்ல."

அருளின் காதில் அது நன்றாக விழுந்தது. அப்பா தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு வீடாக நின்று, "இந்தா, மணிவண்ணன்னு யார்னா இருக்காங்களா? சார் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்துக்கிறாங்க" என்று விசாரித்தார். தன் வீட்டு வாசலையும் தாண்டிக்கொண்டுதான் போனார். அருள் சுவரோரமாக ஒளிந்து ஒளிந்து பின்னாலேயே வந்தான். தெருக்கோடியில் மணி என்று ஒருத்தன் இருந்தான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வந்தவர்களில் ஒருவன் பொறுமையிழந்து பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினான்.

"பையன் போட்டோ இருக்குது, பாரு. அருள்னு பேரு. காலேஜ்ல படிக்கிறான்."

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போட்டோவைப் பார்க்க எழுத்து எதற்கு? ஜெராக்ஸ் எடுத்துக் கறுத்துப்போன படம்தான். அதைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அருள் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல அப்பா பேரு மணிவண்ணன்னா எழுதிருக்குது?" என்று கேட்டார்.

"ஆமாய்யா. அவனே எழுதிக் குடுத்தது."

அப்பா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பையன நான் பாத்ததே இல்ல சார்."

பக்கத்து வீட்டுத் தையல்நாயகி எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, இது நம்ம..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம ஊர் ஆளே இல்ல மாமா" என்று முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். அன்றைக்கு அந்தத் தெரு ஒரு பார்வையில் தானாகவே வாயை மூடிக்கொண்டது.

பைக்கில் ஏறும்போது ஒருவன் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான்: "அப்பன் பேரே பொய்யின்னா இது சீட்டிங் கேஸு. நாள மறுநாள் காலேஜுக்குப் போய் பிரின்சிபால்கிட்ட கேட்டா எல்லாம் தெரிஞ்சிரும். டிகிரிய எப்பிடி வாங்குறான்னு பாத்துடுறேன்."

அருள் அந்த இடத்திலேயே நின்றான். ஓடிப்போய் 'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பைக் சத்தம் ஓய்ந்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதிக்காக அவன் பிறகு எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

வீட்டுக்குள் போனபோது அப்பா கீழே உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. அம்மா அம்சா மல்லாட்டைக் கொல்லையில் களை பிடுங்கப் போயிருந்தாள். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை.

"எவ்ளோடா?"

சொன்னான். அந்தத் தொகையை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னான். ஷூவைப் பற்றியும் சொன்னான், ஓட்டல் சாப்பாட்டைப் பற்றியும் சொன்னான். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏம்பா என்னைத் தெரியாதுன்னு சொன்ன?"

"நீதான எழுதிக் குடுத்துக்கிற. அதுல நான் இல்லியே. அப்புறம் இவன் என் புள்ளன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிற குரல். அருள் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்பா எழுந்து போய்ச் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போய் உங்கம்மாவ இட்டுக்கினு வா. நான் மேஸ்திரியப் பாக்கணும்" என்றார்.

மேஸ்திரி இருபதாயிரம் முன்பணம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு அப்பா வேறு யார் வேலைக்கும் போகக் கூடாது, கூலியில் பாதியைத்தான் கையில் வாங்கலாம். அம்மா கேட்டுவிட்டு, "ஒரு வருசந்தான? ஓடிப்பூடும்" என்றாள். மகன் பக்கம் திரும்பாமலே அடுப்பு மூட்டப் போனாள்.

மறுநாள் அப்பாவும் மகனும் விழுப்புரத்துக்குப் போனார்கள். அந்த பைக்காரர்கள் காலேஜுக்குப் போவதற்குள் நாம் போய்விட வேண்டும் என்றார் அப்பா. கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பஸ்ஸில் வழி முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து அருள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேங்குக்காக வசூல் செய்கிற ஆபீஸ், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. உள்ளே நாலைந்து பேர் ஒரே நேரத்தில் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அருளுக்கு அந்தக் குரல்களில் ஒன்றிரண்டு பழக்கமாக இருந்தது. சிவப்பு பைக்காரன் அப்பாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"யோவ், நீதானய்யா இந்தப் பையனப் பாத்ததே இல்லன்னு சூடம் அணைக்காத கொறையா சொன்ன?"

"ஆமா சார். தெருவுல பொம்பளைங்க நின்னுக்கினு இருந்தாங்க. மானத்துக்குப் பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன். இவன் என் புள்ளதான்."

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. அருளை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. அப்பா வயதில் பாதிகூட இல்லாத மேனேஜரிடம் அவர் கை கட்டிக்கொண்டுதான் பேசினார். கடைசியில் முப்பத்தைந்தாயிரத்துக்கு முடித்துக்கொள்ளலாம், இருபதை இப்போதே கட்டிவிட்டு மீதியை ஆறு மாதத்தில் கட்டவேண்டும், அதற்கு அப்பா பொறுப்பேற்று எழுதித் தரவேண்டும் என்று ஆயிற்று.

மேனேஜர் கார்டு விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீங்க காலேஜுக்குக் கம்ப்ளெய்ன்ட் எழுதச் சொன்னீங்களே, அந்த கேஸா இது?" என்று பைக்காரனைக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்க பேரு?" என்றார்.

அருள் வாயைத் திறந்தான். சொல்லிவிடுவது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தான். கேஸ் வந்தால் வரட்டும், டிகிரி போனால் போகட்டும், இந்த ஆபீஸே சிரித்தாலும் சிரிக்கட்டும், எங்கப்பா பேரு மண்ணாங்கட்டி என்று அவன்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் கை அவன் தோளில் விழுந்தது. கலவைச் சட்டி தூக்கிக் காய்த்துப்போன கை. அது அவனை எழவிடாமல் அழுத்தியது.

"மணிவண்ணன்ங்க" என்றார் அப்பா.

தடுமாறாமல், பிறந்ததிலிருந்து அந்தப் பெயரிலேயே வாழ்ந்தவர்போலச் சொன்னார். பஸ்ஸில் அவர் என்ன சொல்லிக்கொண்டு வந்தார் என்று அருளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜர் விண்ணப்பத்தைப் பார்த்தார். தலையாட்டினார். "அதான் கரெக்டா இருக்குதே. இதப் போய் ஃபேக்குன்னுட்டு..." என்று பைக்காரனை முறைத்துவிட்டு, காகிதத்தையும் மை டப்பாவையும் அப்பா பக்கம் தள்ளினார். அப்பா கட்டைவிரலை வைத்தார். ரேகை அழுத்தமாக விழுந்தது. மேனேஜர் அதன் கீழே பெயரை எழுதி, காகிதத்தை அருளிடம் நீட்டினார்.

"படிச்ச பையன்தான? சரியா இருக்குதா பாரு."

அருள் பார்த்தான். எழுத்தெல்லாம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. தோளில் இருந்த கையை அப்பா இன்னும் எடுக்கவில்லை.

"சரியா இருக்குது சார்" என்றான்.

அப்பா விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.