எந்த முள் ஏறியது?

சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் வாலு கட்டிலை விட்டு இறங்கினாள். கார் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி அண்ணிக்குத் தூக்கம் பிடிக்காது. மேசையில் உட்கார்ந்து கையுறையில் பிரிந்த தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். விடிந்தால் மலைப்பாதையில் வண்டியை விரட்டப் போகிறவள் அவள்தான். அந்த வண்டிக்கு எஞ்சின் கட்டிய அண்ணன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். ஆனா அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது."

"அப்படின்னா அது கண்டிப்பா அவர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்தான். உக்காரு."

வாலு உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டர்போவிலிருந்தா, மீட்டரிலிருந்தா, தன் கட்டைவிரலிலிருந்தா?

எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பழையதை ஒரு கையால் தூக்கிவிடலாம். அண்ணன் அதைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஏந்தவேண்டிய ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அன்றே சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் மூண்டது.

"காத்து அவ்வளவு உள்ள போனா, அதுக்கேத்த பெட்ரோலும் போகணும்ல?" என்றாள் அண்ணி.

"இன்ஜெக்டர் மாத்தியாச்சு, இண்டர்கூலர் மாத்தியாச்சு, கிளட்ச் மாத்தியாச்சு, கம்ப்யூட்டர்ல கணக்கையும் மாத்தியாச்சு. இன்னும் என்ன, என்னையும் மாத்தணுமா?"

"அதைத்தாங்க முதல்ல செஞ்சிருக்கணும். பெட்ரோல் பம்ப்?"

"பழசே தாங்கும். ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

இன்று சாயங்காலம் ஓட்டியும் பார்த்தான். அண்ணி பந்தயப் பதிவுக்குப் போயிருந்ததால் பக்கத்து சீட்டில் வாலு. முன்கண்ணாடி ஓரச் சட்டத்தில் மேலும் கீழுமாக இரண்டு வட்ட மீட்டர்கள், அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள் போல. ஒன்று டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும். மற்றது எஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதுமா என்று காட்டும். "நான் ரோட்டைப் பாக்கறேன், நீ மீட்டரைப் பாரு" என்றான் அண்ணன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முள் ஏறியது. இரைச்சலில் பேச்சு எடுபடாது என்று வாலு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அண்ணனும் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அடித்த பெருமை தாங்கவில்லை. "பழைய பம்பே தாங்குது. வாலுதான் சாட்சி!"

விரலைத் தூக்கியதை வாலு சொல்லி முடித்தாள். "அதுல என்னடி இப்போ?" என்றாள் அண்ணி, ஊசியை நிறுத்தாமல்.

"ஏறினா நல்லதுன்னு நினைச்சேன் அண்ணி. மார்க் மாதிரி." வாலு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "இப்பத்தான் போன்ல படிச்சேன். காத்து மீட்டர் ஏறினா நல்லதாம். மத்தது ஏறினா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தமாம். உள்ள சூடு ஏறி பிஸ்டன்ல ஓட்டை விழுந்திடுமாம். படம்கூட போட்டிருக்காங்க."

அண்ணியின் ஊசி நின்றது. "நீ எதைப் பாத்தே?"

"அதுதான் தெரியலை! மேல இருக்கறதுன்னு நினைச்சேன். அப்புறம் படுத்து யோசிச்சா, வெயில் மேல் மீட்டர்ல பட்டு கண் கூசின மாதிரி ஞாபகம். அப்ப கீழ இருக்கறதைத்தான் பாத்திருப்பேனோ? அதுலயும் காலையில அண்ணன் ரெண்டையும் கழட்டி மாத்தி மாட்டினாரு. மேல எது, கீழ எது... ஒண்ணும் பிடிபடலை அண்ணி. கண்ணை மூடினா ரெண்டு முள்ளும் ஏறுது."

குறட்டை நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அண்ணன் கதவருகே, ஒரு கையால் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

"யாருக்கு பிஸ்டன்ல ஓட்டை?"

அண்ணி சொன்னாள். வாலு தரையைப் பார்த்தாள்.

"ஏய், நீதானே விரலைத் தூக்கினே?" அண்ணன் குரல் உயர்ந்தது. "இப்ப வந்து தெரியலைன்னா?"

"அவ மேல பாயாதீங்க. எந்த மீட்டரைப் பாக்கணும்னு அவகிட்ட சொன்னீங்களா?"

"மீட்டரைப் பாருன்னு சொன்னேன்."

"ரெண்டு இருக்கு."

அண்ணன் தலையை இன்னும் வேகமாகச் சொறிந்தான்.

"மீட்டர் காட்டினது கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்குமே?" என்றாள் அண்ணி.

"பதிவை ஆன் பண்ண மறந்துட்டேன்" என்றான், சுவரைப் பார்த்து.

அண்ணி கையுறையை மேசைமேல் வைத்தாள். "சரி. அவ பாத்தது பெட்ரோல் மீட்டர்னா, அது ஏறியிருக்கு, ஆபத்து. பாத்தது காத்து மீட்டர்னா, பெட்ரோல் மீட்டரை யாருமே பாக்கலை. எப்படிப் பாத்தாலும் அது நல்லா இருந்துச்சுன்னு சொல்ல இந்த வீட்ல ஒருத்தரும் இல்லை. அந்த வண்டியில காலைல உக்காரப்போறது நான்."

வாலுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எதைப் பார்த்தோம் என்ற குழப்பம் தீரவில்லை. ஆனால் அது தீர்ந்தே ஆகவேண்டியதில்லை என்பது புதிதாக இருந்தது.

அண்ணன் ஷெட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "காத்தழுத்தத்தைக் குறைச்சு வச்சுட்டேன். விடிஞ்சதும் ஒரு தடவை ஓட்டிப் பாப்போம். வாலு, நீயும் வா."

"நானா?"

"பின்ன யாரு? நீதானே சாட்சி."

விடியற்காலையில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. கீழே இருந்த பெட்ரோல் மீட்டரின் அடியில் அண்ணன் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, 'இது. ஏறினா கத்து' என்று எழுதியிருந்தான். குறைந்த அழுத்தத்தில் மிதித்தான். முள் அசையாமல் நின்றது. அழுத்தத்தைப் பாதியளவு கூட்டி மறுபடியும் மிதித்தான். எஞ்சின் உச்சத்துக்குப் போகப் போக, பாழாய்ப்போன முள் மெல்ல நகர ஆரம்பித்தது.

"ஏறுது! அண்ணா, ஏறுது!"

அவன் சட்டென்று காலை எடுத்தான். வண்டி ஓரமாகப் போய் நின்றது.

"பம்ப்தான்" என்றான். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். "நேத்து முழு அழுத்தத்துல மிதிச்சேன்டி. எஞ்சின் எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியலை. அவகிட்ட எந்த முகத்தோட சொல்றது?"

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நீ விரலைத் தூக்காம இருந்தா போதும்."

அண்ணி குறைந்த அழுத்தத்திலேயே மலையேறினாள். முடிவுப் பலகையில் அவள் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்தவளிடம் அண்ணன், "புது பம்புக்குச் சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்தான். அவள் பதிலுக்கு வாலுவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள். திருப்பித் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல், வாலு இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.