இடப்பக்கம் திரும்பிய மேடைப்பலகை

தேனியில் வாடகைக் கொட்டகை ஒன்றில் சமையல் மேடைக்குப் பலகை வார்த்துக் கொடுப்பது ஜெபாவின் தொழில். சிமெண்டையும் கறுப்புச் சல்லியையும் கலந்து அச்சில் ஊற்றி, இறுகியதும் மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சந்தனம்மாள் தன் புதுவீட்டுக்கு அப்படியொரு பலகை கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு.

புதன்கிழமை ஆட்கள் பலகையைத் தூக்கி வந்தார்கள். வாசல் வெளிச்சத்தில் அது மின்னியது. "ஆத்தா, முகம் தெரியுதே!" என்று சந்தனம்மாள் பூரித்துப்போனாள்.

சமையலறைக்குள் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, எங்கன இறக்க? கை விட்டுப் போகுது!" என்று முன்பக்கம் பிடித்திருந்த சுமைக்காரன் சுருளி கத்தினான்.

ஜெபா எட்டிப் பார்த்தாள். ‘ட’ போல வலப்பக்கம் மடங்க வேண்டிய பலகை இடப்பக்கம் மடங்கியிருந்தது. எப்படித் திருப்பினாலும் அந்தச் சுவர்களுக்குப் பொருந்தாது. சாக்கை விரித்துத் தரையில் இறக்கச் சொன்னாள்.

பலகையைத் தலைகீழாக வார்ப்பதால் அச்சின் அடியில் கிடக்கும் முகம்தான் பிறகு மேலே வரும். அதனால் வரைபடத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். எப்போதும் மாற்றித்தான் வரைவாள். இந்த ஒன்றை மட்டும் நேராக வரைந்திருக்கிறாள்.

"வீடு கட்டுன மேஸ்திரி அளவு தப்பாச் சொல்லிருப்பாக," என்றான் அவள் தம்பி ஜோயல், மெதுவாக.

"இல்லடா. அவுக சரியாத்தான் சொன்னாக. நாந்தான் மாத்தி வரையல."

சந்தனம்மாள் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "ஊரையே கூப்பிட்டுட்டேனே, ஆத்தா," என்றாள்.

"அம்மா, பால்காய்ப்பு அன்னைக்கு அடுப்பு வைக்க இடம் நான் பண்ணித் தாரேன். பலகை வேற வார்த்துத் தாரேன்."

மறுநாள் ஜெபாவும் ஜோயலும் தடித்த பிளைவுட்டை அறுத்து மேடைச் சுவர்மேல் பொருத்தினார்கள். வெள்ளிக்கிழமை அதன்மேல் வைத்த அடுப்பில்தான் பால் பொங்கியது. ஜெபா கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கொடுத்த பாயசத்தைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுபடி வார்க்கும் நாளில் சந்தனம்மாளே பஸ் ஏறித் தேனிக்கு வந்துவிட்டாள். காலி அச்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இதுவும் தப்பாத் திரும்பின மாதிரில இருக்கு?"

"கவுந்து கெடக்குல்லம்மா. நிமித்துனா சரியா வரும்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஜெபாவுக்கும் அந்த நம்பிக்கை, புதுப்பலகை கம்பத்து வீட்டு மேடைச் சுவர்மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.