தார் ஷீட்டுக்கு அந்தப் பக்கம்

கொளஞ்சியக்காவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சுனாமி அலை வந்து படகையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு, அனுமந்தைப் பக்கம் எங்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு போட்டுக் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தார் ஷீட்தான். அலையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள் என்பதால் யாரும் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் ராத்திரியானால் அந்த ஷீட்டை டமடமவென்று தட்டுவாள். நான் திடுக்கிட்டு எழுவேன்.

காலையில் சண்டைக்குப் போனால், "நீ தூங்கறது ஒரு தூக்கமாப்பா?" என்பாள்.

குறட்டை விடாத ஆம்பளை எந்த ஊரில் இருக்கிறான்? என் மனைவி சுலோசனா அதே பாயில்தான் படுக்கிறாள், அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் தலை சாய்த்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள் என்பது வேறு விஷயம்.

படகு இல்லாததால் நானும் சுலோசனாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போனோம். எத்தனை மணி நேரம் தூங்கினாலும் எனக்குக் கண் சொக்கும். வரப்பில் நின்றபடியே தூங்கி விழுந்திருக்கிறேன். ராத்திரி இந்த அக்கா தட்டுவதால் வந்த வினை என்று திட்டிக்கொள்வேன்.

வைகாசி வெயிலில் ஒருநாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது பலகை கையைவிட்டு நழுவியது. வலது கை என் கையாகவே இல்லை. வாய் குழறியது. மேஸ்திரி தெய்வசிகாமணி ஓடிவந்து, "வேர்வையில உப்பு எறங்கிடுச்சு, கஞ்சி கொண்டாங்கடா" என்றார். உப்பளத்தில் யார் தள்ளாடினாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். உப்பை அள்ளிப் போட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. கஞ்சியின் மகிமையை அன்று முழுக்கப் பேசினோம்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் குடியிருப்புக் குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனேன், விரல் மடங்கவில்லை. சுலோசனா கஞ்சிக்கு ஓடினாள். தண்ணிக்கு நின்ற கொளஞ்சியக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"வாய் கோணுது. கஞ்சியும் வேணாம் கிஞ்சியும் வேணாம், ஆட்டோவக் கூப்பிடு" என்று கத்தினாள்.

பாதி வழியிலேயே கை சரியாகிவிட்டது. "திரும்பிடலாம்க்கா, ஒரு நாள் கூலி போவுது" என்றேன். "வாய மூடிக்கினு ஒக்காரு" என்றாள். புதுச்சேரி ஆஸ்பத்திரி வரை என் சட்டையை விடவில்லை.

டாக்டர் சின்னப் பெண். பிரஷர் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள். "மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு விலகியிருக்கு. மினி ஸ்ட்ரோக்குனு சொல்வோம். ரெண்டு தடவை எச்சரிக்கை வந்திருக்கு. அடுத்தது விலகாமயே போலாம், கை திரும்ப வராது" என்றாள். எனக்குக் கை போனால் கடலும் இல்லை, உப்பளமும் இல்லை.

"தூக்கத்துல குறட்டை விடுவாரா?" என்று கூட வந்திருந்த சுலோசனாவைக் கேட்டாள்.

"தெரியாதுங்க, நான் படுத்தா பொணம்" என்றாள் என் உத்தமி.

"என்னக் கேளுங்க" என்று வாசலிலிருந்து கொளஞ்சியக்கா உள்ளே வந்தாள்.

வந்தவள் அத்தனை பேர் முன்னால் என்னைப் போலவே குறட்டை விட்டுக் காட்டினாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. சட்டென்று நிறுத்தினாள். வாய் திறந்தபடி, மூச்சே விடாமல் நின்றாள். சிரிப்பு அடங்கியது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா இன்னும் மூச்சு விடவில்லை. சுலோசனா அழ ஆரம்பித்துவிட்டாள். அதன் பிறகுதான் தொண்டையில் ஏதோ அறுந்ததுபோல் ஒரு சத்தத்தோடு இழுத்தாள்.

"ராத்திரி முச்சூடும் இப்படித்தாங்க. மூச்சு நிக்குதுன்னு உசுரோட இருக்கறவங்கிட்ட எந்த வாயால சொல்றது? நிக்கும்போதெல்லாம் ஷீட்டத் தட்டுவேன்."

குறட்டைக்காகத் தட்டுகிறாள் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

"இத யாரும் எங்கிட்ட இவ்ளோ தெளிவா சொன்னதில்ல" என்றாள் டாக்டர். தூக்கத்தில் மூச்சு அடைபட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், பிரஷர் ஏறும், அப்படியே விட்டால் ஸ்ட்ரோக் வர வாய்ப்பு கூடும் என்று விளக்கினாள். உப்புக் கஞ்சிக் கதையைக் கேட்டு, பிரஷர் இருப்பவனுக்கு உப்பா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சாராயத்தை விடச் சொன்னார்கள், விட்டேன். தூங்கும்போது மூச்சு அடைபடாமல் காற்றைத் தள்ள மூக்கில் மாட்டும் மிஷினைத் தொண்டு நிறுவனம் ஒன்று வாங்கிக் கொடுத்தது. அதை மாட்டித் தூங்கிய மறுநாள் வரப்பில் கண் சொக்கவே இல்லை.

சாயங்காலம் கொளஞ்சியக்கா வீட்டு வாசலுக்குப் போனேன்.

"தூக்கம் கெட்டு எனக்காக முழிச்சிருந்தியேக்கா. நான் உன்ன எவ்ளோ திட்டனேன்."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அலையில போனவர எந்த ஷீட்டத் தட்டி எழுப்பறது? உன்னத் தட்டுனா எழுந்த. அதான் தட்டுனேன்."

இரண்டு கையையும் எடுத்து அவளைக் கும்பிட்டேன்.