மூன்று கூடைத் தக்காளி

சில்வியாவின் வீட்டில் மண் என்று ஓரடி கிடையாது. காரைக்காலில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் குடியிருந்தாள். மூன்றடி அகலத்தில் ஒரு பால்கனி உண்டு. அதன் மேல்கம்பியில் தேங்காய்நார் விரித்த மூன்று கூடைகளைத் தொங்கவிட்டு, தை மாதக் கடைசியில் சின்னத் தக்காளி நாற்றுகளை வைத்தாள். காய் கோலிக்குண்டு அளவுதான் வரும், கொடி கூடையைச் சுற்றி வழிந்து தொங்கும் என்று நெரவியில் செடி விற்கும் கலைவாணன் சொல்லியிருந்தார்.

செடி என்னவோ நன்றாகத்தான் கிளம்பியது. பூ வந்த நேரத்தில் இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. பூக்கள் காம்போடு உதிர்ந்தன. நாரின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சில்வியா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவாள். இரண்டு இலையைக் கிள்ளிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு நெரவிக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

கலைவாணன் இலையைத் திருப்பிப் பார்த்தார். "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதாங்க."

"அதான். உப்புங்க. தரையில நின்னா மழை கழுவிக்கிட்டுப் போயிடும். கூடையில எங்க போகும், அங்கயேதான தங்கும்? ஏசியிலேர்ந்து சொட்டுதுல்ல, அந்தத் தண்ணிய புடிச்சு ஊத்திப் பாருங்க. உப்பே இருக்காது."

சில்வியா வீட்டில் ஏசி கிடையாது. மேல்வீட்டுப் பஹீமா வீட்டில் இருந்தது. அங்கேதான் சிக்கல். போன கோடையில் அந்த ஏசித் தண்ணீர், காயப்போட்டிருந்த சில்வியாவின் வெள்ளைக் கோட்டில் சொட்டிக் கறையாக்கிவிட்டது. அவள் மாடிப்படியில் நின்று, நாலு வீடும் கேட்கும்படி பஹீமாவைப் பேசிவிட்டாள். மறுநாளே பஹீமா ஆள் வைத்துக் குழாயைச் சந்துப் பக்கம் திருப்பினாள். அதிலிருந்து படியில் எதிர்ப்பட்டால், செல்போனில் கண்ணை வைத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் கணவர் அலாவுதீன் துபாயில் இருந்தார். மாமியாரும் அவளும்தான் மேலே.

"வேணும்னா நான் போய்க் கேக்கட்டுமா?" என்றான் சில்வியாவின் கணவன் பிராங்க்ளின்.

"வாயக் குடுத்தவ நான். நானே போறேன்."

மணியடித்ததும் பஹீமாதான் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. சில்வியா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தத் தண்ணியா?" என்றாள் பஹீமா. "அது பட்டா துணியே வீணாப் போவும்னு சொன்னீங்களே. செடி மட்டும் பொழைச்சுக்குமா?"

சில்வியாவுக்குக் காது சூடானது. "அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்."

"கொஞ்சமா?"

"ரொம்பவே."

பஹீமா கதவைப் பிடித்தபடி நின்றாள். "சந்துலதான ஓடுது, புடிச்சுக்குங்க. ஆனா ராத்திரி மட்டும்தான் ஏசி போடுவோம்," என்றாள். கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிராங்க்ளின் ஒரு பச்சை டியூப் வாங்கி வந்தான். பஹீமா அதை மேலே குழாயில் மாட்டி, மறுமுனையைக் கீழே விட்டாள். சில்வியா எட்டிப் பிடித்து, பால்கனிக் கம்பியில் கட்டி, ஒரு வாளிக்குள் இறக்கினாள். மறுநாள் காலையில் முக்கால் வாளி நிறைந்திருந்தது. முதல் இரண்டு நாள் கூடைகளின் அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவினாள். பிறகு காலையில் கூடைக்கு ஒரு சொம்பு. வாரம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம்.

பழைய இலைகள் தேறவில்லை. அவற்றைக் கிள்ளிப் போட்டாள். பத்து நாளில் வந்த துளிர் சுத்தப் பச்சையாக இருந்தது. பங்குனி முடிவதற்குள் காய் சிவந்தது. முதல் பறிப்பு ஒரு கைப்பிடிதான். அதில் பாதியைக் கிண்ணத்தில் போட்டு மேலே கொண்டுபோனாள். பஹீமாவின் மாமியார் வாங்கிக்கொண்டார். மாலையில் கழுவிய கிண்ணம் சில்வியாவின் வாசல்படியில் இருந்தது. அதில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. சில்வியாவுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

சித்திரைக் கடைசியில் பஹீமா தானாகவே கீழே வந்தாள். "மாமியும் நானும் நாகூர்ல எங்க உம்மா வீட்டுக்குப் போறோம், மூணு வாரம். ஏசி ஓடாது. உங்க செடிக்கு என்ன செய்வீங்க?"

"பாத்துக்கறேன், பஹீமா."

"வேணும்னா போட்டு விட்டுட்டுப் போகவா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அவர்கள் கிளம்பிய அன்றே வாளி காய்ந்தது. மூன்று செடிக்கும் ஊற்றக் குடிநீர்க் கேன் கட்டுப்படியாகாது. சில்வியா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, காய்ப்பு ஓய்ந்திருந்த இரண்டு செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். மிச்சமிருந்த ஒன்றைச் சுவரோர நிழலுக்கு மாற்றி, கேன் தண்ணீரில் தினம் ஒரு சொம்பு விட்டாள். "எனக்கு டீக்குத் தண்ணி இருக்கா?" என்று பிராங்க்ளின் முணுமுணுத்தான். அவள் காதில் வாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பஹீமா வந்தாள். பையைப் படியிலேயே வைத்துவிட்டு, முதல்முறையாகச் சில்வியாவின் பால்கனிக்குள் நுழைந்தாள். செடியின் அடிப்பாகம் மொட்டையாகிக் கிடந்தது. நுனியில் நாலைந்து பழங்கள். கேட்காமலேயே ஒன்றைப் பறித்து வாயில் போட்டாள்.

"புளிக்குதுக்கா."

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்."

பஹீமா தலையாட்டிவிட்டு இன்னொன்றைப் பறித்தாள்.