மகிழ்ச்சி டாலர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் ஆல்டர் ஃபால்ஸ் ஊரின் சேவை கிளப்பில் யாரும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை. கேட்டால் விஸ்கான்சின்காரர் கூச்சத்தில் சட்டைப் பையைத் தடவுவார், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அதனால் அவர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியம், தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் கூடத்தில் சாப்பாடு முடிந்ததும் ஒரு காலி காப்பி டப்பா மேசை மேசையாகச் சுற்றும். நல்ல சேதி இருப்பவர் எழுந்து ஒரு டாலரைப் போட்டுவிட்டுச் சொல்லலாம். பேரன் பள்ளி அணியில் சேர்ந்தது, முழங்கால் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஏரியில் பெரிய மீன் சிக்கியது, எதுவானாலும் சரி. பீற்றிக்கொள்ள ஒரு டாலர்தான் என்றால் யாருக்குக் கசக்கும்? அதற்குப் பெயர் மகிழ்ச்சி டாலர்.

அதில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் சொல்லும் சேதியில் இன்னொருவர் பெயர் வந்துவிட்டால், அவரும் எழுந்து ஒரு டாலர் போட்டு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொந்த மகளின் கல்யாணத்தைக்கூட வாய்திறந்து சொல்லாமல் டாலரை மிச்சம் பிடித்த ஒரு கஞ்சனுக்காகக் கொண்டுவந்த விதி அது. பெரும்பாலும் சிரிப்பில்தான் முடியும்.

டப்பாவில் சேரும் பணம் ஊருக்குள்ளேயே செலவாகும். யாருக்கு என்பது உதவிக் குழுவின் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் காதுக்கு ‘ஊரில் ஒரு குடும்பம்’ என்பதற்கு மேல் எட்டாது. சின்ன ஊரில் இப்படித்தான் செய்ய முடியும். கொடுத்தவனும் வாங்கியவனும் மறுநாள் ஒரே கடையில் அடுத்தடுத்து நின்று ரொட்டி வாங்க வேண்டுமே!

லோர்னா ஹெக்லண்டுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் குழுவில் பல வருஷம் இருந்தவள். அந்தத் தைரியத்தில்தான் தன் மகன் டாரெலின் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஜனவரிக் குளிரில் நின்றுபோனபோது, குழுவில் இருந்த வெர்லின் க்ரூகரிடம் போனாள். டாரெலுக்குக் காகித ஆலை வேலை போயிருந்தது. மனைவியும் பிரிந்து போயிருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள் கோட்டோடு தூங்கினார்கள். ஆனாலும் அவன் லேசில் சம்மதிக்கவில்லை.

“ஒருத்தனுக்கும் தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா இந்த ஊர்ல தலைகாட்ட மாட்டேன். பசங்களைக் கூட்டிக்கிட்டு அயோவாவுக்குப் போயிடுவேன்.”

“தெரியாதுடா. நான் பொறுப்பு.”

ஹீட்டர் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை டப்பா சுற்றியது. ஓர்வில் என்ற கிழவர் மாமியார் தன் ஊருக்குத் திரும்பிவிட்டதற்காக ஒரு டாலர் போட்டார். “போற வழியில கார் ரிப்பேர் ஆகலைங்கிறதுக்கு இன்னொண்ணு!” கூடமே சிரித்தது.

வெர்லின் எழுந்தான். கையில் இருபது டாலர் நோட்டு.

“என் சந்தோஷம் கொஞ்சம் பெருசு. போன வாரம் வரைக்கும் நம்ம லோர்னாவோட பேரப் பசங்க குளிர்ல நடுங்கிக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கு டாரெல் வீட்டுல புது ஹீட்டர் ஓடுது. நீங்க போட்ட டாலர்ல ஓடுது!”

கைதட்டல் எழுந்தது. இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பின் மேசையிலிருந்து ஒரு குரல் வழக்கம்போலக் கத்தியது: “லோர்னா, டாலரை எடு!”

மறுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மறுத்தால் கூடம் அமைதியாகும். அந்த அமைதியைத்தான் ஊர் இன்னும் நெடுநாள் பேசும். எழுந்தாள். டாலரைப் போட்டாள். “நன்றி” என்றாள். உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கோட்டு மாட்டும் இடத்தில் அவனைப் பிடித்தாள். “என்ன வேலை பண்ணிட்ட, வெர்லின்?”

“சந்தோஷத்துல வாய் தவறிடுச்சு லோர்னா. சத்தியமா.” அவன் முகம் உண்மையாகவே வாடியது. அவள் நம்பினாள். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊர் வாரப் பத்திரிகையில் கிளப் செய்திகளை எழுதும் மார்சியிடம் சொல்லி அந்தச் சேதியை மட்டும் போடாமல் விடச் சொல்ல வேண்டும்.

மார்சி வெளியே கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அதையா? வெர்லின் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டாரே. வீட்டுப் படத்தோட. பக்கம் காலைல அச்சுக்குப் போயிடுச்சு.” சுரண்டும் கை நின்றது. “கிளப்புகளுக்குத் தர்ற மாநிலப் பரிசுக்கு இதை அனுப்பணும்னார். பேர் இல்லாட்டி கதை நிக்காதுன்னார். நீங்க சரின்னுட்டீங்கன்னு சொன்னாரே... நீங்க சொல்லலையா?”

லோர்னா திரும்பிக் கீழே இறங்கினாள். வெர்லின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

“வருஷா வருஷம் ‘ஒரு குடும்பம்’னு எழுதி அனுப்புறோம். ஒருத்தன் திரும்பிப் பார்த்தானா? பரிசு வந்தா இன்னும் நாலு வீட்டுக்குச் செய்யலாம். எனக்கா செஞ்சுக்கிட்டேன்?”

“என் புருஷன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் நீ. அதனாலதான் உங்கிட்ட வந்தேன்.”

“தெரியும். அதனாலதான் நீ கோச்சுக்க மாட்டேன்னு நினைச்சேன்.”

அடித்திருந்தால் கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பத்திரிகை நாளைதான் வரும். அதற்குள் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று டாரெல் வீட்டுக்குக் காரை விரட்டினாள். எப்போதும்போலத் தட்டாமல் சமையலறைக் கதவைத் திறந்தாள். டாரெல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

“ஓர்வில் போன் பண்ணாரு. வாழ்த்துச் சொல்றாராம்.”

“டாரெல், நான் சொல்றதைக் கேளு. வெர்லின்தான்...”

“நீ எந்திரிச்சு டாலர் போட்டியாமே?”

“அது அங்க வழக்கம்டா. பேர் வந்தா போட்டே ஆகணும்.”

“எதுக்குப் போடுற டாலர் அது? என்ன பேரு அதுக்கு?”

டாரெல் குழாயை மூடிவிட்டுக் கைகளை நிதானமாகத் துடைத்தான்.

“பசங்களுக்கு இந்த வருஷ ஸ்கூல் முடியட்டும். அப்புறம் அயோவாவுக்குக் கிளம்புறோம்.”

“நான் யார்கிட்டயும் சொல்லலை டாரெல். அவன்கிட்ட மட்டும்தான்.”

“அவன்கிட்ட சொன்னே இல்ல?” குரலை உயர்த்தவே இல்லை அவன். “இனிமே வர்றதுன்னா போன் பண்ணிட்டு வாம்மா.”

வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். வீட்டுப் பக்கச் சுவரிலிருந்த ஹீட்டர் குழாய் வெள்ளைப் புகையைச் சீராக விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னலில் சின்னப் பேத்தி தெரிந்தாள். வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்க, உள்ளே அரைக்கைச் சட்டையோடு நின்று பாட்டிக்குக் கையசைத்தாள். லோர்னாவும் கையசைத்தாள். ஒரு பெரிய கை வந்து திரையை இழுத்து மூடியது.