போனாப்போகுது நூல்

முத்திருளனின் வலதுகையில் நான்கு சுற்றாக இறுகிக் கிடந்த தூண்டில் கயிற்றை அவிழ்க்க முடியாமல் பேயாண்டி படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். ஈரச் சணல் தோலுக்குள் அமுங்கிப்போயிருந்தது. விரல்களோ மூடினது மூடினபடி விறைத்திருந்தன. வாசலில் கட்டிலைப் போட்டுப் பிணத்தைக் கிடத்தியிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

"அறுத்து விடுறா. எதுக்கு இம்புட்டுப் பக்குவம்?" என்றார் விருமாண்டி மாமா.

"இருங்க மாமா. அண்ணனுக்கு வலிக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. சுற்றி நின்ற பெண்கள் அதைக் கேட்டு விம்மினார்கள். கூடப்பிறந்த பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் கண் முழுக்கக் கயிற்றின் நுனியில்தான் இருந்தது. அங்கே ஒரு சின்னப் பித்தளை வளையமும், வளையத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நூலும் தொங்கின. அதை யாராவது உற்றுப் பார்த்தால் பஞ்சு நூல் இல்லை, பட்டு நூல் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அடுத்த கேள்வி, யார் கட்டியது என்பதுதான்.

யுத்தம் ஆரம்பித்த வருஷம், பேரணையில் கூடாரம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு மூட்டை தூக்கப் போன முத்திருளன் அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டான். புழு இல்லை, தவளை இல்லை. வெறும் தகட்டை வீசி இழுத்தே துரை விரால் பிடித்தார். சுழன்று மின்னுகிற தகட்டைக் கெண்டைக்குஞ்சு என்று நம்பி மீன் கவ்வியது. கிளம்பும்போது துரை பழைய தகடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தகட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு வளையம் இருந்தது. தகடு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த வளையமே சுற்றிக்கொள்ளும், கயிறு முறுக்கேறாது. முத்திருளன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்து, தட்டாமாலை என்று பேர் வைத்தான்.

தட்டாமாலை அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தொலையக் கூடாது. அதனால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே மூன்று இழைத் தறிநூலைக் கட்டுவான். மீனுக்குத் தாங்கும், மனுஷன் ஓங்கி இழுத்தால் அறும். அப்படிப் பார்த்துப் பார்த்து அளந்த நூல். தண்ணீருக்குள் கருவேலங்கட்டையில் தகட்டின் முள் மாட்டிக்கொண்டால், "போனாப் போகுது" என்று சொல்லி கயிற்றை ஓங்கி ஒரு இழு இழுப்பான். தகடு போகும், மற்றதெல்லாம் கைக்கு வரும். கடைசியில் அந்த நூலுக்கே போனாப்போகுது நூல் என்று வீட்டில் பேர் விழுந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தது பேயாண்டி. செல்லூரில் ஒரு தறிக்காரரிடம் வேலை பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவான்.

போனாப் போகுது என்று போனதெல்லாம் அவன் பெண்டாட்டி செல்லத்தாயின் தாம்பாளம். அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தை ஓரத்திலிருந்து இலை இலையாக வெட்டி முத்திருளன் தகடு செய்துகொண்டிருந்தான். போன வெள்ளிக்கிழமை அது பிறை நிலா மாதிரி பாதியாகி நின்றபோது அவள் வெடித்துவிட்டாள்.

"வீசுனதக் கொண்டாந்து சேக்கத் தெரியாத ஆளுக்கு மீனு என்னத்துக்கு? இன்னொரு துண்டு போச்சு, அம்புட்டுத்தேன். தகடு இல்லாம இந்த வாசப்படிய மிதிக்காதீங்க."

மறுநாள் வந்த பேயாண்டியிடம் இரண்டு பேரும் தனித்தனியே முறையிட்டார்கள். அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு முடிச்சில் தீர்கிற சண்டை என்று நினைத்தான். தறியில் மிஞ்சிய பட்டு இழைகள் மடியில் இருந்தன. அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தபோது பஞ்சு நூலை எடுத்துவிட்டு, அதே கனத்தில் பட்டு நூலை முறுக்கிக் கட்டினான். தறியில் அறுந்த பாவு இழையை இணைக்கிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். முத்திருளனுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், கண்டுபிடிக்க மாட்டான். தகடு பத்திரமாக ஒரு மாசம் தாங்கட்டும், அப்புறம் சொல்லி இரண்டு பேரையும் கேலி செய்யலாம் என்று வைத்திருந்தான். எவ்வளவு பெரிய மடையன்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுச் சின்னான் ஓடி வந்து, கண்மாய்க்கரையில் அண்ணன் துண்டு மட்டும் கிடக்கிறது என்றான். மடைப்பள்ளத்தில் முங்கியது பேயாண்டிதான். தாமரைக்கொடிகளுக்குள் சிக்கிக் கிடந்த கையிலிருந்து கயிறு கருவேலங்கட்டை வரை விறைப்பாக நின்றது. முடிச்சு இம்மிகூட நகரவில்லை. பேனாக்கத்தியால் பட்டு நூலை அறுத்த பிறகுதான் அண்ணன் அவன் கைக்கு வந்தான்.

இழுத்துப் பார்த்திருப்பான். அறவில்லை. அட, இன்றைக்குத் தகடு தப்பிக்கப் பார்க்கிறதே, செல்லத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டே இறங்கியிருப்பான்.

கிராம முன்சீப் வந்தபோது, "நீச்சல் தெரிஞ்ச ஆளு எதுக்குய்யா பள்ளத்துல எறங்குனாரு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றான் பேயாண்டி. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒருவழியாகக் கயிறு அவிழ்ந்தது. அதைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டான். குளிப்பாட்டுவதற்காகச் செல்லத்தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவள் புருஷனின் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"வாசப்படிய மிதிக்காதீங்கன்னு நாந்தேன் சொன்னேன். மிதிக்காமலே வந்துட்டீங்களே. தூக்கிட்டுல்ல வந்தாங்க. ஐயோ, என் நாக்கு அழுகிப் போக!"

அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். தாம்பாளம், சண்டை, வாசப்படி, ஒன்று விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ராமக்காள் தலைவிரி கோலமாக எழுந்தாள். செத்தவனுக்கு மூத்தவள், தம்பிகள் இருவரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"அடி பாவி, ஒரு தாம்பாளத்துக்காகவா என் தம்பிய முழுங்குன? நான் தந்திருப்பேனேடி பத்துத் தாம்பாளம்!"

"ஆமா மதினி, நாந்தேன் முழுங்குனேன்" என்றாள் செல்லத்தாய்.

கூட்டம் அவளையே பார்த்தது. இப்போது சொல்ல வேண்டும் என்று பேயாண்டிக்குத் தெரிந்தது. அக்கா, மதினி மேல குத்தமில்ல, நூல மாத்துனது நானு. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வாயையும் திறந்தான். "வெலகுங்க, தண்ணி வருது" என்று குடத்தோடு நான்கு பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். அவன் விலகி வழிவிட்டான். குடங்கள் போன பிறகும் பேசியிருக்கலாம். பேசவில்லை.

பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி. தலையை மழித்து, ஈர வேட்டியோடு சிதையைச் சுற்றி வந்தான். பிறகு கொள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து, தீ நன்றாகப் பிடித்ததும், மடியிலிருந்த கயிற்றைத் தட்டாமாலையோடும் முடிச்சோடும் சேர்த்து உள்ளே எறிந்தான். விருமாண்டி மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"நல்ல காரியம் செஞ்சடா. ஆசையா வச்சிருந்தான், அதுவும் கூடப் போகட்டும்" என்று மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்திருந்தது. செல்லத்தாய் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ராமக்காள் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே கஞ்சிப்பானை ஆறிக்கொண்டிருந்தது.

அவனைப் பார்த்ததும் செல்லத்தாய் எழுந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நீதேன முங்கி எடுத்த? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. நூலு எப்பவும் அறுந்துருமே. பெறகு எதுக்கு அவரு எறங்குனாரு? நான் சொன்னேன்னு தகட்டத் தேடித்தேன போனாரு?"

ராமக்காளும் அவனைத்தான் பார்த்தாள்.

"இல்ல மதினி." அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "நூலு அறுந்துதேன் கெடந்துச்சு. சேறாயிருச்சுன்னு காலு கழுவ எறங்கிருக்காரு. பள்ளத்துல சறுக்கிருச்சு. கொடியில மாட்டிக்கிட்டாரு."

"தகட்டுக்காக இல்லையா?"

"தகட்ட அவரு என்னைக்கு மதினி தேடுனாரு?"

செல்லத்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமா. தேடமாட்டாரு" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பகலெல்லாம் அழுதது வேறு. இது புருஷனைப் பறிகொடுத்தவளின் அழுகை.

ராமக்காள் எழுந்து வந்தாள். செல்லத்தாயின் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்திரத்துல வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன்டி. மனசுல வச்சுக்காத. எந்திரி, ரெண்டு வாய் குடி."

செல்லத்தாய் குடித்தாள். பேயாண்டி நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் இந்தக் கஞ்சியைக் குடித்திருப்பாள். அக்கா இதே மாதிரி அவளை மடியில் போட்டிருப்பாள். பொய்யால் தப்பித்தது அவன் ஒருத்தன்தான். இனி எந்தக் காலத்திலும் அதைச் சொல்ல முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

"நீ மட்டும் இதச் சொல்லலைன்னா, நாந்தேன் கொன்னேன்னு நெனச்சே செத்துருப்பேன் தம்பி" என்றாள் செல்லத்தாய். "ஒன்னையப் பெத்தவ மகராசி." பிறகு ராமக்காள் பக்கம் திரும்பி, "மதினி, தம்பிக்கும் ஊத்துங்க. கொள்ளி வச்ச கையோட பட்டினியா நிக்குது" என்றாள்.

ராமக்காள் கும்பா நிறைய ஊற்றி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கஞ்சியில் உப்புப் போட மறந்திருந்தார்கள். பேயாண்டி உப்புக் கேட்காமல் குடித்தான்.