பவுடர்காரரின் சல்லடை

பன்றிப் பண்ணையின் தீவன ஆலையில் அரைப்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் பவுடர். அவர் அரைப்பு அவ்வளவு நைஸ். பண்ணைப் பூனை பிறப்பில் கறுப்பு. ஒரே ஒரு நாள் ஆலைக்குள் குறுக்கே நடந்தது, அன்றிலிருந்து வெள்ளை. தீவனம் சோதிக்க வந்த அதிகாரி ஒருவர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து தும்மினார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தும்மல் நிற்கவில்லை என்று கேள்வி. பவுடர் இவற்றில் எதையும் மறுத்ததில்லை. இருபத்திரண்டு வருடத்தில் தன் சல்லடையைத் தாண்டி ஒரு உமி போனதில்லை என்பதுதான் அவருடைய பெருமை.

அவர் மனைவியின் பொறுப்பில் இருந்தது பால் மறந்த குட்டிகளின் கொட்டகை. நான்கு வார வயதில் தாயை விட்டு வரும் குட்டிகள் ஐந்தாம் நாள் கழிச்சலில் விழும். மூன்று கூட்டம் இப்படியே போயிற்று. அவளும் தரையைக் கண்ணாடி போலத்தான் கழுவினாள்.

பண்ணைக்காரர் அவளுடைய சொந்த அண்ணன். அவரிடம் ஒரு வாளி கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"தங்கச்சின்னெல்லாம் பாக்க மாட்டேன். இந்தத் தடவையும் கழிஞ்சுதுன்னா கொட்டகைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ ஆபீஸ்ல ஒக்காந்து போன் எடு."

போன் எடுப்பதைவிடப் பன்றி கடிப்பது மேல் என்று நினைக்கிறவள் அவள்.

நான்காம் கூட்டம் வந்த ஐந்தாம் நாள் காலை ஆலை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. சாணி பாக்கணும்."

கொட்டகையின் ஏழு அறைகளில் கழிச்சல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் அறையில் மட்டும் கெட்டியாக, உருண்டையாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

"இதுங்களுக்கு மட்டும் என்ன போட்டீங்க?"

"எல்லாத்துக்கும் ஒரே தவிடுதாம்மா."

"தொட்டியப் பாருங்க."

தொட்டியில் தவிடு அரைபடாமல் செதில் செதிலாகக் கிடந்தது. பவுடருக்கு முகம் செத்துவிட்டது. ஆலைக்கு ஓடிச் சல்லடையைக் கழற்றினார். மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எட்டாம் அறைக்குப் போன கடைசி மூட்டை அதன் வழியாகத்தான் தப்பியிருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் கம்பியை முறுக்கி அடைத்துவிடலாம் என்று குறடு தேடினார்.

அதற்குள் கொட்டகையில் மச்சானின் குரல் கேட்டது. கால்நடை டாக்டரம்மாவும் கூட வந்திருந்தார்.

"பாருங்க டாக்டரம்மா, ஒரு அறைய மட்டும் ஒழுங்கா கழுவியிருக்கா. மத்த ஏழும் நாறுது. எந்திரி தங்கச்சி, நாளைலேருந்து போன்."

பவுடர் கையில் குறடு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுச் சல்லடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். எல்லோர் முன்னும் ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"மச்சான், அவ கழுவுனதுல ஒரு குத்தமும் இல்ல. ஏழு அறை வயித்தக் கெடுத்தது என் அரைப்பு. ஒரு அறையக் காப்பாத்துனது இந்த ஓட்டை."

டாக்டரம்மா தொட்டியிலிருந்து ஒரு செதிலை எடுத்துப் பார்த்தார். "இருக்கும். மாவா அரைச்சா வயித்துக்கே ஆகாது. நார் கொஞ்சம் கப்பியா, கொரகொரன்னு போனா, கெட்ட கிருமி குடல்ல ஒட்டாம அதுல ஒட்டிக்கிட்டு வெளிய போயிடும். நல்ல கிருமி மிச்சத்தத் தின்னு குடல வளக்கும். ஆனா அளவாத்தான். வயிறு ரொம்பி, தீனி கொறஞ்சிடக் கூடாது."

மச்சானுக்கு ஒரே கவலை. "அப்போ புதுச் சல்லடை வாங்கணுமா மாப்ளே?"

"வேணாம் மச்சான். பழசையே கெடுத்துத் தரேன்."

செலவில்லாத வைத்தியம் என்றதும் மச்சான் மனம் இளகியது. அடுத்த கூட்டம் வரை தவணை கொடுத்தார்.

இருபத்திரண்டு வருடம் காப்பாற்றிய சல்லடையைப் பவுடர் உளி வைத்துத் தன் கையாலேயே கெடுத்தார். அடுத்த கூட்டத்தின் ஐந்தாம் நாள், மச்சான் எட்டு அறைகளிலும் குத்துக்காலிட்டுப் பார்த்தார். எட்டிலும் உருண்டை. எழுந்து தங்கையிடம் கொட்டகைச் சாவியை நீட்டினார். கூடவே, கேட்காமலே, ஒரு புது வாளி. அந்த வாளியைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பண்ணையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

பவுடர் அந்தச் சாணியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

"பேரப்புள்ள போட்டோவ இப்படிக் காட்டுனதில்ல நீங்க," என்கிறாள் மனைவி.

"அவன் எங்கடி இவ்வளவு ஒழுங்கா போறான்?"

இப்போது அவருக்குப் பெயர் கப்பி. பூனையும் மறுபடி கறுப்பாகிவிட்டது.